மருந்தை நிறுத்திய கழனி

கல்யாணமாகி வந்த புதிதில், 1993-ல், ஒரு நாள் கத்தரிக்காய் பறிக்கக் கொல்லைக்குப் போனேன். பெருமுக்கல் மலை தெரிகிற தூரத்தில், ஏரிக்குக் கீழே எங்கள் நெல் கழனி. அதை ஒட்டின மேட்டில் கொல்லை. முதல் சால் வரிசையில் கை வைத்ததும் என் வீட்டுக்காரர் வரப்பிலிருந்து கத்தினார்.

“அதுல பறிக்காத. அது மார்க்கெட்டுக்கு. வூட்டுக்கு அந்தக் கடைசி ரெண்டு சாலு.”

கடைசி இரண்டு சாலில் காய்கள் சொத்தையும் ஓட்டையுமாகத் தொங்கின. முதல் சாலில் காய்கள் எண்ணெய் தடவினதுபோல் மினுங்கின. ஏன் என்று கேட்டேன்.

“நேத்துதான் மருந்து அடிச்சிக்கீறேன். அதப் போயி எப்படி சாப்பிடறது?”

அன்று மாலையே அந்தக் காய் மூட்டை கட்டி திண்டிவனம் மார்க்கெட்டுக்குப் போனது. எனக்கு ஒரு மாதிரிதான் இருந்தது. ஆனால் ஊரில் கத்தரி வைத்த எல்லா வீட்டிலும் வீட்டுக்கென்று இரண்டு சால் தனியாக இருந்தது. ஒரு வாரத்தில் எனக்கும் பழகிவிட்டது.

என் வீட்டுக்காரர் அதிகம் பேசமாட்டார். கழனிதான் அவருக்குப் பேச்சு. யூரியா கூடையை இடுப்பில் அணைத்துக்கொண்டு வலது கையால் விசிறிக்கொண்டே நடப்பார். எங்கேயும் கூடக் குறைய விழாது. சில நாளில் கழனி முழுக்க ஒரே பச்சையாக, துணி விரித்ததுபோல் எழுந்து நிற்கும். உரக் கம்பெனிக்காரர்கள் வந்து எங்கள் பயிரில் அவரை நிற்க வைத்துப் படம் எடுத்துப் போனார்கள். திண்டிவனத்தில் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டு அவருக்கு ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். பூச்சி வந்தால் எந்த மருந்து என்று கேட்க, ஊரில் பாதிப் பேர் முதலில் எங்கள் வாசலுக்குத்தான் வருவார்கள்.

மருந்தைக் கலக்கும்போது அவர் குச்சி தேடியதில்லை. டிரம்மில் முழங்கை வரை விட்டுக் கலக்குவார். முகத்துக்கு ஒரு துண்டு, அதுவும் வியர்வை துடைக்க.

ஏழெட்டு வருஷம் போயிருக்கும். வைகாசி வெயில். கத்தரியில் குருத்துப் புழு, ஒரு மருந்துக்கும் கேட்கவில்லை. அன்று இரண்டு மருந்தைச் சேர்த்துக் கலந்து அடித்தார். காற்று வேறு அவர் பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தது. நான் கூழ் கொண்டு போனபோது வரப்பில் உட்கார்ந்து துப்பிக்கொண்டே இருந்தார். சட்டை, கிணற்றில் நனைத்து எடுத்ததுபோல் இருந்தது.

“கண்ணு மங்கலா கீது,” என்றார். “உன் மூஞ்சி சரியா தெரியல.”

கூழ்த் தூக்கை நான் கீழே வைப்பதற்குள் சாய்ந்துவிட்டார். வாயில் நுரை. தொடைச் சதை தனியாகத் துடித்தது. என் சத்தம் கேட்டுப் பக்கத்துக் கழனியிலிருந்து மூத்தார் ஓடி வந்தார். என் வீட்டுக்காரரின் அண்ணன் அவர்; அப்பா விட்டுப்போன நிலத்தில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு, கிணறு பொது. தன் டிவிஎஸ் வண்டியில் தம்பியை நடுவில் உட்கார வைத்தார், நான் பின்னால் கட்டிப் பிடித்துக்கொண்டேன். அப்படியேதான் டவுன் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தோம்.

நர்ஸ் கேட்ட முதல் கேள்வி, “எவ்ளோ குடிச்சாரு?”

“குடிக்கலம்மா. கத்தரிக்கு அடிச்சாரு.”

“உண்மையச் சொல்லுங்க. அப்பதான் வைத்தியம் பண்ண முடியும்.”

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் மருந்து பாட்டிலோடு வருகிற பாதிப் பேர் குடித்துவிட்டு வருகிறவர்கள்தான். வழக்கப்படி போலீஸ்காரர் ஒருவர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு வீட்டில் சண்டையா என்று விசாரித்தார். என் புடவை முழுக்க என் வீட்டுக்காரரின் வாந்தி. நான் ஒவ்வொருவரிடமும் கத்தரி, கத்தரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்பினார்கள். அங்கே பிழைத்தார். வீட்டுக்கு வந்த பிறகுதான் வேறு கஷ்டம் தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலை வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உனக்கு இன்னாப்பா கொறை? ரெண்டு பொம்பளப் புள்ளைங்களப் பாக்க வேணாமா?” என்றார்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து எங்கள் பங்குச் சாமியார் வந்தார். உயிர் கடவுள் கொடுத்தது, அதை எடுக்க நமக்கு உரிமை இல்லை என்று அன்பாகத்தான் சொன்னார். தலையில் கை வைத்து ஜெபித்துவிட்டுப் போனார்.

சாமியார் தெருவைத் தாண்டின பிறகு என் வீட்டுக்காரர் சொன்னார்: “அவரும் நம்பிட்டாரு பாத்தியா.”

அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

வலது கையில் ஒரு நடுக்கம் தங்கிவிட்டது. டாக்டர் தீர்மானமாகச் சொல்லியிருந்தார், இனி மருந்து வாசனை கூட ஆகாது என்று. அடுத்த போகம் நெல்லில் பூச்சி விழுந்ததும் என் வீட்டுக்காரர் எங்கள் தெருக்கோடியில் இருந்த ஒரு கூலியாளை மருந்து அடிக்கப் பேசிவிட்டார். காலையில் நான் கழனிக்குப் போனபோது அந்தக் கூலிக்காரர், இடுப்பில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு, டிரம்மில் கையை விட்டுக் கலக்கிக்கொண்டிருந்தார். அதே மாதிரி, முழங்கை வரைக்கும்.

என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. “அண்ணே, கையக் கழுவுங்க. இன்னிக்கு வேணாம்,” என்றேன். கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு டிரம்மை வேலியோரம் ஒரு குழி தோண்டிக் கவிழ்த்தேன்.

வீட்டில் அவர் குதித்தார். “பயிர் போனா யாரு பதில் சொல்றது? உனுக்குப் புத்தி கீதா?”

“அவரு வுழுந்தா இன்னா பண்ணுவீங்க? அவரு பொண்டாட்டியத் தனியா இட்டுகினு போயி, எவ்ளோ குடிச்சாருன்னு கேப்பாங்க. நான் கேட்டுக்கினு நின்னேனே, அந்த மாதிரி.”

அவர் சரி என்று சொல்லவில்லை. அவர் பேசாமல் இருந்ததைச் சம்மதம் என்று நானே எடுத்துக்கொண்டேன்.

மருந்தை விட்டால் வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. கோயில் ஹாலில் பெண்கள் சங்கத்துக்காக ஒரு பயிற்சி வைத்தார்கள். செஞ்சிப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி வந்து பேசினார். பூச்சியைப் பற்றி அவர் கொஞ்சம்தான் பேசினார். மண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். “உங்க கழனியில ஒரு மண்வெட்டி வெட்டி மண்புழு கீதான்னு பாருங்க,” என்றார். வீட்டுக்கு வந்து வெட்டிப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. கட்டி உடைந்த இடம் சூளையில் வைத்த செங்கல்போல் இருந்தது. முதல் இரண்டு மூன்று வருஷம் கஷ்டம்தான், தாங்க முடிந்தால் இறங்குங்கள் என்றும் அவர் சொல்லியிருந்தார். அது பொய் இல்லை.

உரத்தையும் சேர்த்தே நிறுத்தினேன். கிடை போடுகிறவர்களைக் கூப்பிட்டு எருவுக்காக ஆட்டு மந்தையைக் கழனியில் மடக்கினேன். பசுந்தாள் உரத்துக்குத் தக்கைப்பூண்டு விதைத்து, அது இடுப்பளவு வளர்ந்து பூக்கும் சமயத்தில் அப்படியே மடக்கி உழுதேன். சாணம், கோமியம், வெல்லம் போட்டுக் கரைசல் வைத்தேன். பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போகும்போது மூத்தார் வரப்பில் நின்று பார்த்துச் சிரிப்பார்.

“ஏம்மா, சாணித் தண்ணி ஊத்தினா நெல்லு வெளஞ்சிடுமா? எந்தம்பி கௌரவமா விவசாயம் பண்ணினவன். அவனப் பேஜாரு பண்ணாத.”

அவர் கெட்டவர் இல்லை. தம்பியை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடியவர். அதனால் அவர் சொல் எனக்கு இன்னும் கனமாக இருந்தது.

முதல் போகம் நெல் வெளுத்துப் போய் நின்றது. பக்கத்தில் மூத்தார் கழனி கரும்பச்சை. ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்குக்கூட எது எங்களுடையது என்று தெரியும். அறுத்தபோது பதர்தான் அதிகம். இரண்டாவது போகமும் அப்படியே. அந்த வருஷம் ஐப்பசிக்குப் பிறகு வீட்டில் நெல் இல்லை. கழனி வைத்துக்கொண்டு ரேஷன் அரிசி வாங்க வரிசையில் நின்றேன். பின்னால் நின்றவள், “இன்னாக்கா, நீங்களுமா?” என்றாள். சும்மாதான் கேட்டாள். ஆனாலும் அன்றைக்குச் சோறு எனக்கு இறங்கவில்லை.

மூன்றாவது போகத்தில் நடவு முடிந்து பயிர் வேர் பிடித்த சமயம். ஒரு காலை மடை திறக்கப் போனேன். கிழக்குப் பக்கம் பயிர் திடீரென்று கறுத்திருந்தது. எனக்கு முதலில் சந்தோஷம்தான், மண் திரும்பிவிட்டது என்று. இன்னும் உள்ளே இறங்கிப் பார்த்தேன். ஓரிடத்தில் கரும்பச்சை, பக்கத்தில் வெளுப்பு, மறுபடி ஒரு கொத்துக் கரும்பச்சை. மண்ணில் வருகிற பச்சை இப்படித் திட்டுத் திட்டாக வராது. கையால் வீசினதுதான் இப்படி விழும்.

நான் இல்லாத நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் யூரியா போட்டிருக்கிறார். கை நடுங்கியிருக்கிறது. ஒரு வீச்சில் நிறைய, அடுத்த வீச்சில் ஒன்றுமில்லை. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போன அந்தக் கை. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் வந்ததுதான், ஆனால் அதற்கு முன்னால் வந்தது வேறு.

வீட்டில் கேட்டேன். “யூரியா போட்டீங்களா?”

“ஆமா போட்டேன். என் கய்னி அது. எங்கப்பன் கொடுத்தது.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாமே.”

“ஊர்ல இன்னா சொல்றாங்க தெரியுமா உனுக்கு? மருந்து குடிச்சவன், இப்ப பொண்டாட்டி சொல்லுக்கு ஆடிக்கினு கீறான்னு சொல்றாங்க. டீக்கடையில ஒருத்தன் பாட்டிலத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான். நான் எங்கன்னு போறது?”

நான் மண் திரும்ப வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவருக்குத் திரும்ப வேண்டியது வேறு. அது கழனியில் கிடைக்காது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த அறுவடைக்கு முன்பே அவர் சென்னைக்குப் போய்விட்டார். தாம்பரம் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலை. மாதத்துக்கு இரண்டு தடவை வருவார். பிள்ளைகளைப் பார்ப்பார், கோயிலுக்குப் போவார், கழனிப் பக்கம் போகமாட்டார். ஊரில், அவள் புருஷனைத் துரத்திவிட்டாள் என்று பேச்சு. அது முழுப் பொய் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு ஏழெட்டு வருஷம் நான் தனியாகத்தான் பார்த்தேன். மூத்தார் கழனியில் மருந்து அடிக்கும் நாளில் காற்று இந்தப் பக்கம் வந்தால் என் வரப்பில் ஊன்றின தட்டைப்பயறு சுருண்டுவிடும். ஒரு தடவை அவர் களைக்கொல்லி அடித்து, நான் விதைத்த தக்கைப்பூண்டு ஓரமாக முழுக்கக் கருகியது. கிணற்றடியில் கேட்டேன்.

“காத்துக்கு நான் வேலி போட முடியுமாம்மா?” என்றார்.

“காத்து நின்ன பொறவு அடிங்க மாமா. அதான் கேக்கறேன்.”

“காத்து நிக்கற வரிக்கும் பூச்சி காத்துக்கினு இருக்குமா?”

அதற்குப் பிறகு வெகு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மோட்டார் முறை மட்டும் அவர் வீட்டுப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போவாள்.

ஒரு வருஷம் இலைச்சுருட்டுப் புழு. வேப்பங்கொட்டைக் கரைசல் மூன்று முறை அடித்தும் நிற்கவில்லை. பயிர் வெள்ளை அடித்துக்கொண்டே வந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், வீட்டில் அரிசி, எல்லாம் அந்தப் பயிரில் இருந்தது. திண்டிவனம் போய் மருந்துக் கடை முன்னால் நின்றேன். கடைக்காரருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. “இன்னா பூச்சிம்மா?” என்று கேட்டுக்கொண்டே மேல் தட்டுக்குக் கை நீட்டினார். பாட்டிலை மேஜைமேல் வைத்துவிட்டு, “அவரு எப்படி கீறாரு இப்ப?” என்றார்.

“கீறாரு,” என்றேன். பாட்டிலை எடுக்காமல் பஸ் ஏறிவிட்டேன். பயிரில் பெரும் பகுதி போயிற்று. செய்தது சரியா என்று அந்த வருஷம் முழுக்க யோசித்தேன். இன்றைக்கும் யோசிக்கிறேன்.

மண் எப்போது திரும்பியது என்று கேட்டால் ஒரு நாளைக் காட்ட முடியாது. ஒரு மாசியில் உழும்போது கட்டி எழவில்லை, மண் பொலபொலவென்று சாய்ந்தது. கலப்பைக்குப் பின்னாலேயே கொக்குகள் நடந்தன. குனிந்து ஒரு பிடி அள்ளினேன், மழை பெய்த முதல் நாள் வாசனை. புழுக்கள் இருந்தன, குட்டிக் குட்டியாக. பேய்மழை பெய்த வருஷம் மற்றவர்கள் கழனியில் நின்ற தண்ணீர் எங்கள் கழனியில் இறங்கிவிட்டது. மழை பொய்த்த வருஷம் கொல்லையில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, வாடாமல் தாக்குப்பிடித்தது. விளைச்சல் என் வீட்டுக்காரர் காலத்து அளவுக்கு வரவே இல்லை. ஆனால் வீட்டுக்குப் போதும் என்கிற நிலைக்கு வந்தது.

யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் வந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். “புழு வந்துடிச்சிங்க.”

“பூச்சியா?” என்றார்.

“இல்ல, மண்புழு.”

“ஓ,” என்றார். அவ்வளவுதான்.

திரும்பிப் போகும்போது அவருக்கு அரிசி கட்டிக் கொடுத்தேன். குடியிருப்பில் அவர் சமைத்துச் சாப்பிடுகிற வாசனை பிடித்து ஒரு வீட்டம்மாள் என்ன அரிசி என்று கேட்டிருக்கிறார். அப்புறம் இன்னொருவர். கொஞ்ச நாளில் அவர் சென்னை பஸ்ஸில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். அங்கே என்ன சொல்லி விற்கிறார் என்று ஒரு தடவை கேட்டேன்.

“நல்ல அரிசின்னு நான் சொல்றதில்ல. மருந்து அடிக்கலன்னு மட்டும் சொல்றேன். அது பொய்யில்லியே.”

2010 தாண்டி அவருக்கு நடக்கவே சிரமமாகி, வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்தார். அதே சமயம் மூத்தார் தன் பாதியை விற்றார். கூலியாள் கிடைக்கவில்லை, பிள்ளைகள் யாரும் கழனிக்கு வரவில்லை, உரம் எவ்வளவு போட்டாலும் பயிர் எழவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று பல வருஷத்துக்கு அப்புறம் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார். “மண்ணு செத்துப் போச்சும்மா,” என்று மட்டும் சொன்னார். நான் டீ போட்டுக் கொடுத்தேன்.

ஒரே மாதத்தில் பொக்லைன் வந்து வரப்புகளை நிரவியது. மஞ்சள் கல் நட்டு பிளாட் போட்டார்கள். பிறகு புரோக்கர் எங்கள் வீட்டுக்கும் வந்தார். பத்திரம் என் வீட்டுக்காரர் பேரில்தான். நான் உள்ளே உலை வைத்திருந்தேன். ரோட்டு ஓரம், நல்ல விலை, இந்த வயசில் எதற்குக் கஷ்டம் என்று புரோக்கர் பேசிக்கொண்டே போனார். என் வீட்டுக்காரர் குறுக்கே பேசவில்லை. அவர் என்ன சொல்லுவார் என்று எனக்கு நிஜமாகவே தெரியாது. அடுப்பைத் தணித்துவிட்டு நின்றேன்.

“அது அவ கய்னி,” என்றார். “அவளக் கேளு.”

புரோக்கர் சிரித்தார். “நீங்கதான சார் ஓனரு?”

“பத்திரத்துல. கய்னியில அவதான். உள்ளதான் கீறா, கேளு.”

நான் வெளியே வந்து கொடுக்க மாட்டோம் என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

அந்தக் கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. பிளாட்டுக்காரர்கள் மண் கொட்டி மேடாக்கினபோது ஏரிக்கால்வாயையும் சேர்த்து மூடியிருந்தார்கள். தண்ணீர் முழுக்க எங்கள் பக்கம் திரும்பிப் பயிரில் நின்றது. அலைந்து மனுக் கொடுத்தும் யாரும் வரவில்லை. வேறு வழியில்லை, எங்கள் கழனிக்குள்ளேயே தெற்கு ஓரமாக ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டியிருந்தது. நல்ல மண் அந்த ஓரத்தில்தான் இருந்தது. கிடை அதிகம் போட்ட இடம் அது.

ஆள் வைத்து வெட்டினோம், நானும் வெட்டினேன். கறுப்பாக, ஈரமாக, வேரும் புழுவுமாக மண் மேலே வந்து விழுந்தது. அவர் தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு பம்புசெட்டு வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆள் மண்ணை அள்ளிப் பிளாட் பக்கம் வீசப் போனான்.

“ஏய், அங்க போடாத!” என்று அவர் கத்தினார். “இந்தாண்ட கொட்டு. மேட்டுக் கொல்லையில கொட்டு.”

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான், அவர் சொன்ன இடத்தில் கொட்டு என்றேன். சாயங்காலம் வரை கூடை கூடையாகச் சுமந்து கொல்லையில் கொட்டினோம். மழை விடவே இல்லை. கழனியில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. பாதிப் பயிர் அதற்குள் அழுகிவிட்டிருந்தது.